ஊட்டுப்புரைக்கு நெல் குத்தியது யார்?

பழைய அரண்மனைகளையும் பெரிய வீடுகளையும் அருங்காட்சியகம் ஆக்குகிறவர்கள் நமக்கு ஒன்றை வாக்களிக்கிறார்கள். டிக்கெட் எடுத்து உள்ளே வந்தால் பதினெட்டாம் நூற்றாண்டில் மனிதர்கள் எப்படி உண்டார்கள், எப்படி உறங்கினார்கள், எப்படிக் குளித்தார்கள் என்று நேரிலேயே பார்த்துவிடலாம் என்கிறார்கள். உண்டவர்கள் உட்கார்ந்த கூடத்தை நிச்சயம் பார்க்கலாம். அந்தச் சோற்றுக்கு நெல் குத்தியவளைப் பார்க்க முடியாது. உறங்கியவரின் கட்டில் கயிறு கட்டிப் பாதுகாக்கப்பட்டிருக்கும். அந்த அறையைக் கூட்டிப் பெருக்கியவள் ராத்திரி எங்கே தலை சாய்த்தாள் என்று கேட்டால் பதில் இருக்காது. அன்றாட வாழ்க்கை என்று நமக்குக் காட்டப்படுவது, அன்றாட வேலை எதையும் செய்யாதவர்களின் வாழ்க்கை. இதை ஏதோ மறதி என்று நான் நினைக்கவில்லை. பெண் செய்த வேலையை வேலை என்றே எண்ணாத புத்திதான் வீட்டுக்குள் இருக்கிறது. அதேதான் அருங்காட்சியகத்துக்குள்ளும் இருக்கிறது.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி. இங்கேயே ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லித்தருகிறேன். தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையை, எங்கள் பேச்சில் கொட்டாரத்தை, இந்த மாவட்டத்தில் படித்த எந்தப் பெண்ணும் ஒரு தடவையாவது பார்த்திருப்பாள். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வரிசையில் நின்று, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வழவழவென்ற அந்தக் கறுப்புத் தரையில் நடந்திருப்பாள். 1601-ஐ ஒட்டித் தொடங்கிய கட்டடம் இது. 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில் பெரிதாக விரிந்தது. பத்மநாபபுரம் என்ற பெயரும் அப்போது வந்ததுதான். அந்த நூற்றாண்டின் கடைசியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. 1956-ல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த பிறகும் கொட்டாரம் மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு மரக்கட்டடங்களில் இவ்வளவு முழுமையாக நிற்பவை நம் நாட்டில் அரிது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

கையேடுகளும் சுற்றுலாக் கட்டுரைகளும் திரும்பத் திரும்பச் சொல்லும் அதிசயங்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அறுபத்து நான்கு மூலிகை மரத்துண்டுகளால் செய்த கட்டில். சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த தரை. மந்திரசாலையின் அபிரகச் சன்னல்கள். தெக்கே கொட்டாரத்தில் அடுக்கி வைத்திருக்கும் பழைய வீட்டுச் சாமான்கள். எல்லாமே அழகானவை, அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் அந்த முட்டைகளை உடைத்து வெள்ளைக்கருவைப் பிரித்தது யார், சிரட்டையைச் சுட்டுக் கரியை இடித்தது யார், கண்ணாடிபோல் ஆகும்வரை தரையைத் தேய்த்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். தரைக்கு என்னென்ன சேர்த்தார்கள் என்ற பட்டியல் தலைமுறை தாண்டி நம் கைக்கு வந்திருக்கிறது. தேய்த்த கைகளின் பட்டியல் வரவில்லை.

ஊட்டுப்புரையைப் பாருங்கள். இரண்டு தளம், நீண்ட கூடம், ஊறுகாய் வைத்த பெரிய பரணிகள். தளத்துக்கு ஆயிரம் பேர் உட்கார்ந்து உண்ணலாம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. உண்டவர்கள் பிராமணர்கள். இந்த அன்னதானத்தின் பெயரால்தான் திருவிதாங்கூர் தன்னைத் தர்ம பூமி என்று அழைத்துக்கொண்டது. 1871-ல் சாமுவேல் மட்டீர் என்ற மிஷனரி திருவிதாங்கூரைப் பற்றி எழுதிய நூலுக்கு வைத்த தலைப்பும் அதுதான்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். எந்த அம்மாவும் அடுக்களையில் நின்றபடியே போடக்கூடிய கணக்கு. ஆளுக்குக் கால் கிலோ அரிசி என்று வைத்தால், ஒரு தளத்துக்கு, ஒரு வேளைக்கு, இருநூற்றைம்பது கிலோ அரிசி வேண்டும். கைக்குத்தலில் அவ்வளவு அரிசி தேற நானூறு கிலோவுக்கு நெருக்கமாக நெல் வேண்டும். அந்த நெல்லைக் காயவைக்க வேண்டும், உரலில் போட்டுக் குத்த வேண்டும், சுளவில் புடைக்க வேண்டும், உமியும் தவிடும் பிரிக்க வேண்டும், குருணை ஒதுக்கிக் கல் பொறுக்க வேண்டும். மில் வருவதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் இது அத்தனையும் பெண்களின் வேலை. உள்ளே அடுப்பில் நின்று சமைத்தவர்கள் பிராமண ஆண்கள். அவர்கள் கைக்கு அரிசி போய்ச் சேருவதற்கு முன்னால் எத்தனையோ கீழ்ச்சாதிப் பெண்களின் கைபட்டுத்தான் அது அரிசியாகியிருக்கும். நெல்லுக்குத் தீட்டு இல்லை, உமிக்குத் தீட்டு இல்லை, வேகாத அரிசிக்கும் தீட்டு இல்லை. வெந்து இலையில் விழும்போது மட்டும் தீட்டு வந்துவிடுகிறது! உழைப்பு தேவைப்படும் இடம்வரை கண்ணை மூடிக்கொண்டு, உண்ணும் இடத்தில் விழித்துக்கொள்ளும் தந்திரம் இது. ஊட்டுப்புரையில் நின்று எவ்வளவு பெரிய கூடம் என்று வாய் பிளப்பவர்கள் இந்தத் தந்திரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

என் அம்மையின் அம்மை நெல் குத்தப் போனவள். கூலி, குருணையும் தவிடும் கொஞ்சம் அரிசியும். பிள்ளை பெற்ற உடம்பு தேறுவதற்கு முன்பே உலக்கையைப் பிடித்ததாகச் சொல்வாள். சாகும்வரை அவள் உள்ளங்கையில் காய்ப்பு மாறவில்லை. அவள் பதினெட்டாம் நூற்றாண்டுக்காரி இல்லைதான். ஆனால் உலக்கை மாறவில்லை, குத்தும் முறை மாறவில்லை, கூலி கொடுத்த கையின் மனமும் பெரிதாக மாறவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு எப்படி இருந்தது என்று அறிய எனக்குக் கட்டிலைவிட அவள் உள்ளங்கைதான் உதவியது.

கூலியாவது கிடைத்தவர்கள் ஒரு வகை. கூலியே இல்லாதவர்கள் இன்னொரு வகை. திருவிதாங்கூரில் ஊழியம் என்ற கட்டாய வேலை இருந்தது. கோயிலுக்கும் கொட்டாரத்துக்கும் ஊட்டுப்புரைகளுக்கும் விறகும் காய்கறியும் சுமந்து சேர்ப்பதுவரை அதில் அடங்கும். அதற்கும் கீழே அடிமைகள் இருந்தார்கள். புலையர், பறையர் முதலான சாதியார் நிலத்தோடு சேர்த்தும் தனித்தும் விற்கப்பட்டார்கள். 1836-ல் எடுத்த கணக்கில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் பதிவாகியிருக்கிறார்கள். 1855-ல்தான் அடிமைமுறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. இவை அடுத்த நூற்றாண்டின் ஆண்டுகளாயிற்றே என்று கேட்பீர்கள். ஒரு கொடுமை முடிந்த நாள்தான் பெரும்பாலும் ஆவணத்தில் இருக்கும். அது நடந்த நாட்கள் அத்தனையும் அன்றாடம் என்ற பெயரில் கரைந்துபோகும். மார்த்தாண்ட வர்மா 1750-ல் நாட்டைப் பத்மநாப சுவாமிக்குக் காணிக்கையாக்கித் தன்னைப் பத்மநாப தாசன் என்று அறிவித்துக்கொண்டார். ராஜா தன்னை அடிமை என்று சொல்லிக்கொண்டது எல்லாப் பாடப்புத்தகத்திலும் வருகிறது. அந்த நாட்டில் நிஜமாகவே அடிமையாகப் பிறந்து, வயலில் நாற்று நட்டு, வயலிலேயே பிள்ளை பெற்றவளுக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு வரி தேட வேண்டியிருக்கிறது.

மதிலுக்கு உள்ளே இருந்த பெண்களைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். நவராத்திரி மண்டபத்தில் ஆட்டமும் பாட்டும் நடக்கும்போது அரச குடும்பத்துப் பெண்கள் மரச்சட்டங்களின் இடுக்கு வழியாகத்தான் பார்த்தார்கள். வெளியே தெரியாமல் உள்ளிருந்து பார்க்க எவ்வளவு நுட்பமாகச் செய்திருக்கிறார்கள் என்று அந்த வேலைப்பாட்டைப் பாராட்டுவது வழக்கம். பெண்ணை மறைக்கும் தச்சுவேலைக்கு நம்மிடம் எப்போதுமே பாராட்டு உண்டு. கொட்டாரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருவிதாங்கோட்டில் 1696-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. புலைப்பேடி, மண்ணாப்பேடி என்ற வழக்கத்தை நிறுத்தச் சொல்லும் அரசாணை அது. ஆண்டில் ஒரு குறிப்பிட்ட காலத்தில், இருட்டிய பிறகு தனியே வெளியே வந்த உயர்சாதிப் பெண்ணைப் புலையரோ மண்ணாரோ தொட்டுவிட்டால், கல்லெறிந்து பட்டுவிட்டாலும்கூட, அவள் சாதி போய்விடும். பிறந்த வீடும் புகுந்த வீடும் அவளைக் கைவிடும். தொட்டவனோடு அவள் போயாக வேண்டும். ஆணை வந்தது, சரி. ஆனால் ஆணை போட்டு நிறுத்த வேண்டிய அளவுக்கு அந்தப் பயம் வீட்டுக்குள் வேரோடியிருந்தது. உயர்சாதிப் பெண்ணை வாசலுக்குள் நிறுத்திய பயமும், புலையர் பெண்ணை வாசலுக்கு வெளியே நிறுத்திய சட்டமும் ஒரே சாதிமுறையின் இரண்டு கைகள்.

அரசியல் பகைக்குக்கூடப் பெண்களின் உடல்தான் விலை கொடுத்தது. மார்த்தாண்ட வர்மா எட்டுவீட்டுப் பிள்ளைமாரை ஒழித்துக்கட்டியபோது, ஆண்களைக் கொன்றதோடு நிற்காமல் அவர்கள் வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் கடற்கரை மீனவர்களிடம் ஒப்படைத்தார் என்று திருவிதாங்கூர் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. நவீன திருவிதாங்கூரை உருவாக்கியவர் என்ற பட்டத்தோடு இதையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். அந்தப் பெண்களின் சம்மதம் யாருக்கும் பொருட்டாக இருக்கவில்லை. மீனவர் வீட்டுக்குப் போவதே தண்டனை என்று கருதியதில் மீனவப் பெண்களுக்கும் சேர்த்துத்தான் அவமானம்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும். திருவிதாங்கூர் மருமக்கத்தாய நாடாயிற்றே, வாரிசுரிமை தாய்வழியில்தானே போனது, ராணிகளே ஆண்டிருக்கிறார்களே என்பார்கள். ஆண்டிருக்கிறார்கள். 1812-ல் ராணி கௌரி லட்சுமி பாயின் ஆட்சியில் அடிமைகளை வாங்கவும் விற்கவும் தடை வந்தது. ஆனால் நிலத்தோடு பிணைந்த விவசாய அடிமைகளுக்கு அது பொருந்தாது என்று விலக்கும் கூடவே வந்தது. அவர்கள்தான் அடிமைகளில் பெரும்பகுதி. 1829-ல் ராணி கௌரி பார்வதி பாயின் ஆட்சியில், நாடார் பெண்கள் மேல்சாதிப் பெண்களைப் போல் தோள்சீலை போடக் கூடாது என்று பிரகடனம் வந்தது. கல்குளம், இரணியல் பகுதிகளில் சந்தைக்குப் போன பெண்களின் மேலாடை இழுத்துக் கிழிக்கப்பட்டது. எந்த மாதிரியாவது மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்ணைப் போல மட்டும் கூடாது என்ற அரைகுறை அனுமதி 1859-ல்தான் கிடைத்தது. ஒரு பெண்ணின் பெயரால் ஆட்சி நடக்கும்போதே இன்னொரு பெண்ணின் மார்பை மூடக் கூடாது என்று ஆணை வர முடியும் என்றால், சிம்மாசனத்தில் பெண் இருந்தாள் என்ற ஒரு செய்தியால் எனக்கு ஆறுதல் வராது. மாணவிகளே, உங்களுக்கும் வரக் கூடாது.

இப்போதெல்லாம் பார்ப்பது போதாது, அனுபவிக்க வேண்டும் என்று ஒரு புதிய வியாபாரம் வந்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு ஊரில், பழைய வீடு ஒன்றை இப்படி மாற்றி வைத்திருந்த இடத்துக்கு என் மாணவிகளை அழைத்துப் போனேன். பட்டுடுத்திப் படம் எடுத்துக்கொள்ளலாம், அம்மியில் அரைக்கலாம், உரலில் நெல் குத்திப் பார்க்கலாம். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே உலக்கையை எடுத்தார்கள். இருபது குத்துக்கு மேல் ஒருத்தியும் தாங்கவில்லை. எங்களுக்குக் குத்திக் காட்ட ஓர் அம்மா நின்றிருந்தார். நாள் முழுக்க, வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவர் குத்திக் காட்ட வேண்டும். அவருக்கு நாற்காலி இல்லை.

“டீச்சர், தீட்டு நாள்ல பொம்பளைங்க எங்க இருந்தாங்க?” என்று ஒரு மாணவி கேட்டாள். விளக்கிக்கொண்டிருந்தவர் முகம் சுளித்து, “அதெல்லாம் இங்க எதுக்கும்மா?” என்றார். வேறு எங்கே கேட்பது? மாதம் மூன்று நாள் ஒரு பெண்ணை ஒதுக்கி வைத்தது அன்றாடம் இல்லையா? பேறு பார்த்த அறை எது, பேற்றில் இறந்தவர்கள் எத்தனை பேர், விதவையின் தட்டு எங்கே வைக்கப்பட்டது என்பதெல்லாம் அன்றாடம் இல்லையா? எண்ணிப் பாருங்கள், நமக்கு அனுபவிக்கக் கொடுப்பது எப்போதும் அதிகாரத்தின் உடைதான். பட்டைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் தம்பிராட்டியாக நிற்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷனரிகள் எழுதிவைத்த கணக்குப்படி நாடார் பிராமணரிடமிருந்து 36 எட்டு தள்ளி நிற்க வேண்டும், புலையர் 96 எட்டு. அந்த 96 எட்டை அளந்து நின்று பாருங்கள் என்று யாரும் நம்மை அழைப்பதில்லை. அங்கிருந்து பார்த்தால் கட்டிலின் மூலிகை வாசம் வராது.

இப்படியெல்லாம் காட்டினால் யார் டிக்கெட் வாங்கி வருவார்கள் என்ற கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு பதில் இருக்கிறது. மார்த்தாண்ட வர்மாவின் கொட்டாரம் எழுந்த அதே நூற்றாண்டில் வர்ஜீனியாவில் வளர்ந்த வீடு மவுண்ட் வெர்னன். ஜார்ஜ் வாஷிங்டனின் வீடு. 1858-ல் அதை விலைக்கு வாங்கிக் காப்பாற்றியது, ஆன் பமேலா கன்னிங்ஹாம் என்ற பெண் தொடங்கிய பெண்கள் சங்கம். பெண்கள் காத்த வீடு என்பதற்காக அங்கே உழைத்த கறுப்பினப் பெண்களுக்கு உடனே நியாயம் கிடைத்துவிடவில்லை. 1929-ல் அந்தச் சங்கம் அவர்கள் புதைக்கப்பட்ட இடத்தில் வைத்த கல்லில், விசுவாசமான வேலைக்காரர்கள் என்றுதான் எழுதினார்கள். அடிமை என்ற சொல்லைச் சொல்லும் நினைவிடம் 1983-ல்தான் வந்தது. இன்று அந்த வீட்டில் அடிமைகளின் வாழ்க்கையைச் சொல்வதற்கென்றே தனிச் சுற்று நடக்கிறது. 1799-ல் அந்தப் பண்ணைகளில் 317 பேர் அடிமைகளாக இருந்தார்கள் என்பதும் மறைக்கப்படுவதில்லை.

ஓனா ஜட்ஜ் என்ற பெண்ணின் கதையை அந்த வீட்டின் கதையிலிருந்து இனி யாரும் பிரித்துவிட முடியாது. தையல் வேலை தெரிந்தவள், மார்த்தா வாஷிங்டனின் அந்தரங்கப் பணிப்பெண். தன்னை மார்த்தாவின் பேத்திக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், 1796 மே மாதம், பிலடெல்பியாவில் எஜமானர்கள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் அவள் வெளியேறிப் போனாள். பிடித்துத் தருபவருக்குப் பத்து டாலர் என்று விளம்பரம் வந்தது. தேடி ஆள் அனுப்பினார்கள். அவள் திரும்பவே இல்லை. நியூ ஹாம்ப்ஷயரில் வறுமையில் வாழ்ந்து, சட்டத்தின் கண்ணில் அடிமையாகவே, 1848-ல் இறந்தாள். முதுமையில் பத்திரிகைகளுக்குத் தன் கதையைத் தானே சொன்னாள். இன்று அந்த வீட்டின் சாப்பாட்டு அறையைப் பார்க்கிறவர்களில் சிலராவது, எஜமானர்கள் உண்டுகொண்டிருந்தபோது எழுந்து போனவளை நினைக்காமல் இருக்க முடியாது. கூட்டம் குறைந்துவிடவில்லை, வீடு இடிந்துவிடவும் இல்லை.

அங்கே பெயர்கள் இருக்கின்றன, இங்கே இல்லையே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அங்கே பெயர்கள் இருப்பதற்குக் காரணம், எஜமானர் தன் சொத்துக் கணக்கில் மனிதர்களையும் எழுதிவைத்தது. நம் எஜமானர்களும் கணக்கு எழுதுவதில் சளைத்தவர்கள் இல்லை. திருவனந்தபுரத்தில் மதிலகம் ஆவணங்கள் என்ற பெயரில் கோயிலையும் அரண்மனையையும் சார்ந்த ஓலைகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. பழைய எழுத்துகளைக் கற்றுக்கொண்டு, அவற்றில் நெல் கணக்கையும் கூலிக் கணக்கையும் தேடிப் படிக்கிற பெண்கள் வேண்டும். ராஜாக்களின் போரைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறது, அவர்களை விடுங்கள். ஓலைகளில் இல்லாதது எங்கள் கிராமங்களில் இருக்கலாம். நெல் குத்தும்போது பாடிய பாட்டு தெரிந்த கிழவிகள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். வில்லுப்பாட்டில் கொலையுண்ட பெண்கள் கதையாக வருகிறார்கள், இசக்கியாக ஊர் எல்லையில் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பொங்கலிடுகிற ஊரே அவர்களைச் சாட்சியாகவும் ஏற்கட்டும்.

அந்தக் காலம் அப்படித்தான், இன்றைய நியாயத்தை அன்றைக்கு ஏன் கொண்டுபோகிறாய் என்று கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. அந்தக் காலத்திலும் அது எல்லாருக்கும் நியாயமாக இருக்கவில்லை. உலக்கை பிடித்தவளுக்கும் மேலாடை கிழிக்கப்பட்டவளுக்கும் அது அன்றைக்கே அநியாயமாகத்தான் இருந்தது. தோள்சீலைக்காக அடிவாங்கிக்கொண்டே திரும்பத் திரும்பச் சந்தைக்குப் போன பெண்கள் யாரும் இருபத்தோராம் நூற்றாண்டில் பிறந்தவர்கள் இல்லை.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் ஒன்றுமில்லை. அன்றாட வாழ்க்கை என்று பெயர் போட்டு ஓர் உரலை வைத்தால், அதில் யார் குத்தினார்கள், என்ன கூலி, எத்தனை நாழிகை என்று பக்கத்தில் எழுதுங்கள். அடுக்களையைக் காட்டினால் தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் இடுப்பில் வந்தது என்று சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால், இவர்கள் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை என்பதையே பலகையில் எழுதுங்கள். மறைப்புச் சன்னலைக் காட்டும்போது தச்சனைப் புகழ்ந்துவிட்டு, யாரிடமிருந்து யாரை மறைத்தது என்றும் சொல்லுங்கள். குத்திக் காட்டுகிற அம்மாவுக்கு நாற்காலியும் ஒழுங்கான சம்பளமும் கொடுங்கள்.

அதுவரை, தோழிகளே, எந்தப் பழைய வீட்டுக்குள் நுழைந்தாலும் கட்டிலுக்கு முன்னால் நேரம் போக்காதீர்கள். நேரே அடுக்களைக்குப் போங்கள். பின்வாசல் எங்கே இருக்கிறது, அது யாருக்குத் திறந்தது என்று கேளுங்கள். பதில் வரும்வரை நகராதீர்கள்.